கேடன்ஸ் வருது, பவர் மட்டும் வரல: ஒரு வாட்ச் கேஸோட முழுக் கதை

கூட சைக்கிள் ஓட்டுற தம்பி ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ரைடு முடிச்ச கையோட போன் பண்ணார். "அண்ணா, புது வாட்ச்ல பவரே காட்ட மாட்டேங்குது, மீட்டர் போயிடுச்சு போல"ன்னு குரல்ல ஒரே சோகம். மீட்டர்னா பவர் மீட்டர், நாம எத்தனை வாட் சக்தியில மிதிக்கிறோம்னு அளக்கிறது. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, இடது பக்க க்ராங்க்ல (பெடலைத் தாங்குற கை) மட்டும் இருக்கிற வகை, ப்ளூடூத், ஆன்ட் ப்ளஸ் (சென்சாருங்களுக்கான இன்னொரு ஒயர்லெஸ் முறை) ரெண்டுலயும் சிக்னல் அனுப்பும், உள்ள ஒரு சிஆர்2032 காயின் பேட்டரி. இதுவரைக்கும் ஹேண்டில்பார்ல ஒரு பழைய பைக் கம்ப்யூட்டர் வச்சு ஓட்டிட்டு இருந்தார், அதுல எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. வாட்ச் வாங்கின நாள்லேந்துதான் பிரச்சனை. மீட்டர், வாட்ச் ரெண்டுமே எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா கடைசியில தப்பு அதுங்க மேல இல்ல.

நான் கேட்ட முதல் கேள்வி, பவர் இருக்கிற கட்டத்துல இப்ப என்ன தெரியுது, கோடா சைபரா? "என்னண்ணா வித்தியாசம், ரெண்டும் வரலதானே"ன்னார். ரொம்ப பேர் இங்கதான் விட்டுடுறாங்க. கோடு கோடா காட்டினா வாட்சுக்கு பவர்னு ஒரு தகவலே வந்து சேரலன்னு அர்த்தம். சைபர் காட்டினா தகவல் வருது, ஆனா மீட்டரே "இப்ப சைபர் வாட்"னு சொல்லுதுன்னு அர்த்தம். முதல் கேஸ்ல தேட வேண்டியது கனெக்ஷன்ல, ரெண்டாவதுல மீட்டர்ல. இதைப் பிரிக்காம பேட்டரியை மாத்து, ரீசெட் பண்ணுன்னு ஆரம்பிச்சா நாள் பூரா போகும், இவருக்கு உண்மையிலேயே மூணு நாள் போயிருந்துச்சு. சரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன், வந்துச்சு: இதயத்துடிப்பு 131, கேடன்ஸ் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறோம்ங்கிறது) 84, பவர் இடத்துல மூணு கோடு.

அதுக்கு முன்னாடி அவர் என்னென்ன பண்ணியிருக்கார்னு கேட்டா, பேட்டரி ரெண்டு தடவை மாத்தியாச்சு, வாட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, ரெண்டுக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணியாச்சு, கடைசியில வெறுத்துப்போய் வாட்சை ஃபேக்டரி ரீசெட்டே பண்ணிட்டார், அதுல அவர் மெனக்கெட்டு போட்டு வச்சிருந்த ஸ்க்ரீன் செட்டிங் எல்லாம் காலி. நடுவுல வண்டியை சுவத்துல சாய்ச்சு பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பெடலை ஏறி மிதிச்சும் பார்த்திருக்கார், ஒண்ணும் ஏறலயாம். அது எப்படியும் ஏறாதுங்க. பவர்ங்கிறது டார்க்கை (சுத்துற விசையை) சுத்துற வேகத்தால பெருக்கினா வர்றது, க்ராங்க் சுத்தலன்னா நூறு கிலோ ஆள் ஏறி நின்னாலும் சைபர்தான்.

பேட்டரி விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன், இந்த கேஸ்ல அது காரணம் இல்லன்னாலும் பல கேஸ்ல அதுதான். காயின் செல்லை மல்டிமீட்டர்ல வச்சா மூணு வோல்ட் காட்டும், நல்லா இருக்குன்னு நினைச்சுடுவோம், ஆனா மீட்டர் சிக்னல் அனுப்ப கரண்ட் இழுக்கிற அந்த நொடியில வோல்டேஜ் தொப்புன்னு இறங்கிடும், குளிர்ல இன்னும் மோசம். அப்புறம் குழந்தைங்க முழுங்கிடக் கூடாதுன்னு சில செல் மேல கசப்பு பூச்சு பூசி வர்றாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா சில சாதனத்துல அந்தப் பூச்சு காண்டாக்டுக்கு நடுவுல நின்னு கரண்டைத் தடுத்துடும். புது பேட்டரி போட்டும் உயிர் வரலன்னா பூச்சு இல்லாத செல் ஒண்ணு போட்டுப் பாருங்க. ஆனா இவர் கேஸ்ல பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணச் சொன்னேன், நாலு சுத்து சுத்தினதும் அதுல பவர் வந்துடுச்சு. அதோட பேட்டரி சந்தேகமும், "மீட்டர் போயிடுச்சு" கதையும் முடிஞ்சுது.

வாட்சே பவர் மீட்டரை ஏத்துக்கிற மாடலான்னும் பார்த்தேன், ஏன்னா எல்லா ஸ்போர்ட்ஸ் வாட்சும் ஏத்துக்காது. விலை கம்மியான மாடல்ல ஹார்ட் ரேட், ஸ்பீடு, கேடன்ஸோட நிறுத்திடுவாங்க. ஆப்பிள் வாட்ச்லயே 2023ல வந்த வாட்ச்ஓஎஸ் 10லேந்துதான் ப்ளூடூத் பவர் மீட்டரை நேரா சேர்க்க முடிஞ்சுது, ஆன்ட் ப்ளஸ் அதுல கிடையாது. இவர் மாடல்ல ரெண்டு வழியும் உண்டு, ஸ்பெக் பக்கத்துல தெளிவா போட்டிருக்கு. அப்ப ஏன் வரல?

என்னை உறுத்தினது அந்த 84தான். கேடன்ஸ் எங்கேந்து வருது? அவர் வண்டியில தனி கேடன்ஸ் சென்சார் கிடையாது. க்ராங்க்ல இருக்கிறது பவர் மீட்டர் ஒண்ணுதான், அப்ப கேடன்ஸ் அதுலேந்துதான் வந்தாகணும், அப்படின்னா வாட்ச் மீட்டரோட பேசிட்டுதான் இருக்கு, ஆனா பவரைப் பத்தி பேசல. கேட்டா அவரும் அதைத்தான் மூணு நாளா சொல்லிட்டு இருக்கார்: "சென்சார் லிஸ்ட்ல கனெக்டட்னு டிக் போட்டு காட்டுதுண்ணா, அதான் மண்டை காயுது". அந்த டிக்தான் அவரை ஏமாத்தினது.

ஊகத்துல பேச வேண்டாம்னு அந்த ரைடோட ஃபிட் ஃபைலை (வாட்ச் ரைடைப் பதிவு பண்ணி வைக்கிற ஃபைல்) அனுப்பச் சொன்னேன். இது ஒரு நல்ல பழக்கம், வாட்ச் ஸ்க்ரீன்ல பவர் கட்டம் வைக்க மறந்திருந்தா கூட ஃபைல்ல பவர் பதிவாகியிருக்கும், அப்ப பிரச்சனை வெறும் ஸ்க்ரீன் செட்டிங்தான், அஞ்சு நிமிஷ வேலை. ஃபைலைப் பிரிச்சுக் காட்டுற இலவச கருவிங்க நிறைய இருக்கு, ஒண்ணுல போட்டேன். ஒவ்வொரு ரெக்கார்டுலயும் இதயத்துடிப்பு இருக்கு, கேடன்ஸ் இருக்கு, இடம், உயரம் எல்லாம் இருக்கு, பவர்னு ஒரு வரி எங்கயுமே இல்ல. சைபராவும் இல்ல, காலியாவும் இல்ல, அந்த ஃபீல்டே இல்ல. அதே ஃபைல்ல எந்தெந்த சென்சார் கூட இருந்துச்சுன்னு ஒரு பகுதி வரும், அங்க மீட்டர் பேரு இருக்கு, ஆனா வகைன்னு போட்டிருக்கிற இடத்துல பைக் கேடன்ஸ். ஆன்ட் ப்ளஸ்ல சேர்த்திருந்தா வகை நம்பரே சொல்லிடும், பவர் மீட்டர்னா 11, கேடன்ஸ் சென்சார்னா 122, ஹார்ட் ரேட் பெல்ட்னா 120. இங்க ப்ளூடூத்ல, கேடன்ஸ் வேஷத்துல உக்காந்திருந்துச்சு.

இது எப்படி நடக்குதுன்னா, ப்ளூடூத்ல ஒரு சென்சார் தன்கிட்ட என்னென்ன சர்வீஸ் இருக்குன்னு நம்பர் போட்டு அறிவிக்கும், நம்பர் எல்லாம் பொதுவா முடிவு பண்ணி வச்சது. சைக்கிள் பவர்னா 1818, ஸ்பீடு கேடன்ஸ்னா 1816, எல்லாம் ஹெக்ஸ் (பதினாறு அடிமான) கணக்கு. சில பவர் மீட்டர், பவர் தெரியாத பழைய வாட்சு, போன் அப்புக்கெல்லாம் கேடன்ஸாவது போகட்டும்னு ரெண்டு சர்வீஸையும் அறிவிக்கும். நல்ல மனசுதான். ஆனா இவர் வாட்ச்ல சென்சார் தேடுன்னு அழுத்தினப்ப ஒரே பேர்ல ரெண்டு வரி வந்திருக்கு, பக்கத்துல இருந்த குட்டி ஐகான் மட்டும்தான் வேற வேற, இவர் மேல இருந்ததை தட்டிட்டார், அது 1816. வாட்ச் அந்த சர்வீஸ்ல க்ராங்க் எத்தனை சுத்து சுத்துச்சுங்கிற கணக்கை மட்டும் வாங்கிட்டு சந்தோஷமா டிக் போட்டுடுச்சு. ஃபேக்டரி ரீசெட்டுக்கு அப்புறமும் அதே மேல் வரியைத்தான் தட்டியிருக்கார்.

ஆன்ட் ப்ளஸ் கொஞ்சம் வேற மாதிரி. அது ஒலிபெருக்கி, மீட்டர் நொடிக்கு சுமார் நாலு தடவை கத்திக்கிட்டே இருக்கும், யார் வேணா கேட்டுக்கலாம், பத்து சாதனம் ஒரே நேரத்துல கேட்டாலும் மீட்டருக்கு கவலை இல்ல. ப்ளூடூத் போன் கால் மாதிரி, ஒருத்தர் லைன்ல இருந்தா அடுத்தவருக்கு பிசி. புது மீட்டர்ல ரெண்டு மூணு லைன் குடுக்கிறாங்க, இவரோடதுல ஒண்ணே ஒண்ணு. இந்த விஷயத்துல எஸ்ஆர்எம்ங்கிற பழைய பவர் மீட்டர் கம்பெனியோட காலம் பொற்காலம், 1986ல உல்ரிக் ஷோபெரர் ஆரம்பிச்சப்ப க்ராங்க் பக்கத்துலேந்து ஹேண்டில்பாருக்கு ஒயர் போகும், ஒயர் சொருகியிருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்தா போதும்.

சரி சுலபம்தானேன்னு வாட்ச்ல அந்த கேடன்ஸ் என்ட்ரியை அழிச்சுட்டு மறுபடி தேடுங்கன்னேன். தேடினார். ஒண்ணுமே வரல. ரெண்டு வரி வந்த இடத்துல இப்ப சுத்தமா காலி! அவர் இப்ப நிஜமாவே பயந்துட்டார், எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. அப்புறம்தான் கேட்டேன், மீட்டரோட போன் அப் திறந்திருக்கான்னு. "ஆமாண்ணா, பேட்டரி எவ்ளோன்னு பார்க்க இப்பதான் திறந்தேன்". அந்த ஒத்தை லைன் போன்கிட்ட. அப்பை க்ளோஸ் பண்ணா மட்டும் போதாது, பின்னணியில பிடிச்சுக்கிட்டே இருக்கும், போன் ப்ளூடூத்தையே ஆஃப் பண்ணச் சொன்னேன்.

அதோட இந்த தடவை ப்ளூடூத்தே வேண்டாம், ஆன்ட் ப்ளஸ்ல சேர்த்துடலாம்னு முடிவு பண்ணினோம், வாட்ச்லயும் மீட்டர்லயும் இருக்கும்போது நான் எப்பவும் அதைத்தான் சொல்வேன், ப்ளூடூத் லைனை போன் அப்புக்கு விட்டுடலாம். வரிசை இப்படி: மத்த ரைடர் யாரும் பக்கத்துல இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தி (கும்பல்ல நின்னு தேடினா அடுத்தவன் மீட்டர் உங்க வாட்ச்ல ஏறிடும், அப்புறம் திடீர்னு 400 வாட் அடிச்சு பெருமைப்பட வேண்டியதுதான்), க்ராங்கை அஞ்சாறு சுத்து சுத்தி மீட்டரை எழுப்பி, ஏன்னா சும்மா நின்னா சில நிமிஷத்துல தூங்கிடும், வாட்ச்ல பொதுவா "எல்லாம் தேடு"ன்னு போடாம பவர்ங்கிற வகைக்குள்ள போய் தேடி, வர்ற ஐடி நம்பர் மீட்டர்ல ஒட்டியிருக்கிற நம்பரோட ஒத்துப்போகுதான்னு பார்த்து சேர்த்தோம். பழைய ப்ளூடூத் என்ட்ரி எதையும் மிச்சம் வைக்கல. ஒரே மீட்டரை ரெண்டு வழியிலயும் சேர்த்து வச்சா வாட்ச் எதுலேந்து எடுக்கிறதுன்னு தடுமாறும், இது என் சொந்த அனுபவம்.

கோடு போயிடுச்சு. அப்ப ராத்திரி ஒன்பதரை, காலையில ஓட்டிட்டு சொல்றேன்னு வச்சுட்டார்.

காலையில மெசேஜ்: "அண்ணா இப்ப 0 காட்டுது".

எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் நிம்மதியும் வந்துச்சு, ஏன்னா இது வேற நோய். சைபர்னா தகவல் வருது. மெதுவா சமதளத்துல ஓட்டினா 0, கொஞ்சம் அழுத்தினா 30, 40, மேட்டுல உயிரைக் குடுத்து மிதிச்சா 110 காட்டுதாம், எப்பவும் அந்த மேட்டுல 260, 270 போற ஆளு. அப்ப எங்கயோ ஒரு நிலையான கழித்தல் நடக்குது. ராத்திரி சேர்த்ததுக்கு அப்புறம் வேற என்ன பண்ணீங்கன்னு கேட்டேன், வாட்ச் "கேலிப்ரேட் பண்ணவா"ன்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன்னார். எப்படி இருந்தீங்க அப்ப? வண்டி மேல உக்காந்து, வலது கால் தரையில, இடது கால் பெடல்ல. க்ராங்க் எப்படி இருந்துச்சு? முன்னாடி பார்த்து, படுக்கையா.

அதுதாங்க. இந்த கேலிப்ரேட், அதாவது ஸீரோ ஆஃப்செட்னு சொல்றது, மீட்டருக்கு "இப்ப இருக்கிற நிலைதான் சுமை இல்லாத நிலை"ன்னு சொல்லிக் குடுக்கிறது. உள்ள இருக்கிற ஸ்ட்ரெய்ன் கேஜ், க்ராங்க் உலோகம் வளையுற துளி வளைவை அளக்குது, அந்த நேரத்துல கால் வச்சிருந்தா அந்தக் காலோட எடையையும் சேர்த்து சைபர்னு மனப்பாடம் பண்ணிக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, பெடல் மேல சும்மா வச்ச கால் ஒரு 5 கிலோ அழுத்துதுன்னு வைங்க, 172.5 மில்லிமீட்டர் க்ராங்க், படுக்கையா இருக்கு, கிட்டத்தட்ட 8.5 நியூட்டன் மீட்டர் டார்க். இனிமே ஒவ்வொரு சுத்துலயும் அந்த 8.5ஐ மீட்டர் கழிச்சுக்கிட்டே இருக்கும். 90 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 90 சுத்து) அது 80 வாட். அதோட முடியல, இது இடது கால் மீட்டர், இடது பக்கம் வந்ததை ரெண்டால பெருக்கித்தான் மொத்தம்னு காட்டும், ஆக 160 வாட் காணாமப் போகுது! 150 வாட்ல நிதானமா ஓட்டுற ஆளுக்கு சைபர்தான் தெரியும். மேட்டுல 270க்கு 110 வந்ததும் இதோட அப்படியே ஒத்துப்போகுது. க்ராங்க் நேர் கீழ பார்த்து இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது, எடை க்ராங்க் நீளத்தோட வழியே இறங்கிடும், சுத்துற விசையா மாறாது. சில மீட்டர் இவ்வளவு அபத்தமான ஆஃப்செட்டை ஏத்துக்காம திருப்பி அடிச்சுடும், இது நல்ல பிள்ளையா வாங்கி வச்சுக்கிச்சு.

சரிபார்க்க இவர் மீட்டர் அப்ல டார்க்கை நேரா காட்டுற பக்கம் ஒண்ணு இருக்கு, கால் எடுத்துட்டு பார்க்கச் சொன்னேன். காலியா நிக்கிற க்ராங்குக்கு மைனஸ் 8 சொச்சம். பார்த்ததும் அவரே "ஐயோ"ன்னார். வண்டியை வெளிய கொண்டுபோய் கால் மணி நேரம் நிறுத்தி வெளிச்சூட்டுக்கு வரவிட்டு (வெப்பநிலை மாறினா ஆஃப்செட் நகரும், வீட்டுக்குள்ள பண்ணிட்டு வெளிய ஓட்டுறது பாதி வேலைதான்), யாரும் தொடாம, க்ராங்க் நேர் கீழ பார்க்க, கம்பெனி சொன்ன நிலையில மறுபடி ஸீரோ பண்ணார். அப்புறம் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு, இடது க்ராங்கை படுக்கையா வச்சு, பெடல் நடுவுல 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு பார்த்தோம், வர வேண்டியது 16.9 நியூட்டன் மீட்டர், வந்தது 16.8. மீட்டர் ஆரோக்கியமா இருக்கு. அங்கயே க்ராங்க் நீளம் அப்ல சரியா போட்டிருக்கான்னும் பார்த்துக்கிட்டோம், 170 க்ராங்குக்கு 172.5னு போட்டிருந்தா எல்லா வாட்டும் ஒண்ணரை சதவீதம் கூட வரும், பெரிசா தெரியாது, ஆனா வருஷக்கணக்கா கூடவே வரும்.

அதுக்கப்புறம் வந்தது சின்ன விஷயம்தான். ரோட்ல நடுநடுவுல அஞ்சு பத்து செகண்டு பவர் கோடாயிடுது, திரும்ப வந்துடுது. மறுபடி கோடு, அதாவது மறுபடி கனெக்ஷன் பக்கம். இவர் வாட்சை வலது கையில கட்டுறவர், மீட்டர் இடது க்ராங்க்ல, நடுவுல முழு உடம்பு. இந்த சிக்னல் ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போறது, உடம்புல இருக்கிற தண்ணி அதை நல்லா உறிஞ்சும், வீட்டுக்குள்ளன்னா சுவத்துல பட்டுத் திரும்பியாவது வந்து சேரும், திறந்த ரோட்ல திரும்பி வர ஒண்ணும் இல்ல. வாட்சை இடது கைக்கு மாத்தச் சொன்னேன், முக்கால்வாசி போயிடுச்சு, மிச்சத்துக்கு ஹேண்டில்பார்ல மாட்டுற ரப்பர் பிடி வாங்கி மாட்டிட்டார், முழுசா நின்னுடுச்சு. அப்படி மாட்டினா வாட்சோட மணிக்கட்டு ஹார்ட் ரேட்டை ஆஃப் பண்ணிட்டு பெல்ட் போடுங்க, இல்லன்னா ஹேண்டில்பாருக்கு நாடி பார்த்து ஏதாவது ஒரு நம்பர் குடுக்கும்.

ரெண்டு வாரம் கழிச்சு கடைசியா ஒரு போன். ஒரே ரைடு, ஒரு மணி நேரம், பழைய கம்ப்யூட்டரையும் வாட்சையும் சேர்த்தே ஓட விட்டிருக்கார், ஆன்ட் ப்ளஸ்ங்கிறதால ரெண்டும் ஒரே மீட்டரைக் கேட்டுக்கிச்சு. கம்ப்யூட்டர்ல சராசரி 174 வாட், வாட்ச்ல 162. "எதுண்ணா பொய்?" ரெண்டு ஃபைலையும் பக்கத்து பக்கத்துல வச்சேன், செகண்டுக்கு செகண்டு பவர் ஒண்ணாதான் இருக்கு. அந்த ரைடுல இறக்கத்துல மிதிக்காம உருட்டினது மொத்தம் நாலு நிமிஷம், வாட்ச் அந்த சைபரையும் சேர்த்து வகுக்குது, கம்ப்யூட்டர் அதை விட்டுட்டு வகுக்குது. 174ஐ 56ஆல பெருக்கி 60ஆல வகுத்தா 162. கம்ப்யூட்டர்ல சராசரிக்கு சைபரைச் சேர்க்கிற செட்டிங் இருந்துச்சு, மாத்திட்டார். 12 வாட் குறைஞ்சுடுச்சேன்னு மட்டும் ரெண்டு நாள் வருத்தமா இருந்தார்.